ஃபேன் கிளட்ச் போயிருக்கிறதா? சோதிப்பது, வாங்குவது, நாமே மாற்றுவது

செம்பனைப் பழக்குலை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மண் பாதையில் ஊர்ந்தால் சூடு முள் ஏறுகிறது. தார் ரோட்டுக்கு வந்து எண்பதில் போனால் தானாக இறங்கிவிடுகிறது. உங்கள் வண்டி இப்படிச் செய்தால், ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்புக்கும் காசு எடுத்து வைப்பதற்கு முன் ஃபேன் கிளட்ச்சைப் பாருங்கள். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஓடும் டீசல் பிக்கப்புகளுக்கு வாழ்க்கையே முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். வேகத்தில் வந்து மோதும் காற்று கிடையாது, விசிறி இழுக்கும் காற்று மட்டும்தான். அதனால் கிளட்ச் பாதி போயிருந்தாலே இங்கே காட்டிக்கொடுத்துவிடும். டவுனிலும் நெடுஞ்சாலையிலும் ஓடுகிற வண்டியில் அதே கோளாறு பல மாதம் தெரியாமலே கிடக்கும்.

1. உங்கள் வண்டியில் ஃபேன் கிளட்ச் இருக்கிறதா?

மைவி, சாகா போன்ற கார்களில் இது கிடையாது. அவற்றில் இருப்பது மின்சார விசிறி. சூடு ஏறினால் பார்க்க வேண்டியது ரிலே, மோட்டார், சென்சர். ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன் மாதிரியான டீசல் பிக்கப்புகள், பழைய லேண்ட் ரோவர்கள், சின்ன லோரிகள் ஆகியவற்றில் பானெட்டைத் திறந்தால் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பெரிய பிளாஸ்டிக் விசிறி தெரியும். அதன் நடுவே, துடுப்பு துடுப்பாக வரிகள் போட்ட வட்டமான அலுமினிய உருளை இருக்கும். அதுதான் ஃபேன் கிளட்ச். கடைகளில் ஆட்டோ ஃபேன் என்றும் ஃபேன் கப்ளிங் என்றும் சொல்வார்கள்.

உள்ளே கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. முன்பக்கம் இருக்கும் சுருள் அல்லது பட்டை, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று 70, 80 டிகிரியை நெருங்கும்போது அது முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் வரிப்பள்ளங்களுக்குள் பாய்ந்து விசிறியைப் பிடித்துச் சுற்றவைக்கும். சூடு தணிந்தால் எண்ணெய் திரும்பிப் போய்விடும், விசிறி வழுக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். இவ்வளவுதான் சங்கதி. எண்ணெய் கசிந்து போவது, சுருள் செம்மண் தூசியில் இறுகுவது, பேரிங் தேய்வது என்று கெட்டுப்போகும் வழிகளும் மூன்றுதான்.

கிளட்ச்சுக்கு ஒயர் ஒன்று போகிறதா என்றும் பாருங்கள். போனால் அது கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வகை. கீழே சொல்லும் கைச்சோதனைகள் அதற்கு முழுதாகப் பொருந்தாது, ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

2. அறிகுறிகளைப் பிரித்துப் பாருங்கள்

கிளட்ச் பிடிக்காமல் போனால்: மெதுவாகப் போகும்போதும், சும்மா நிற்கும்போதும், சுமையோடு ஏற்றத்திலும் சூடு. நின்றால் ஏர்கோன் வெறும் காற்று, ஓடினால் குளிர்ச்சி. பலர் ஏர்கோன் கேஸ் போட்டுக் காசு விடுவது இங்கேதான். ஏர்கோன் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரைக் குளிர்விப்பதும் இதே விசிறிதான் என்பது நினைவில் இருக்கட்டும்.

கிளட்ச் இறுகிப்போனால்: எந்நேரமும் பெரிய இரைச்சல், வேகம் கூட்டக் கூட்ட அதுவும் கூடும். இழுவை குறையும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். சூடு ஏறாது என்பதால் ஆறுதலாக விட்டுவிடாதீர்கள். வாட்டர் பம்ப் பேரிங்கையும் பெல்ட்டையும் அது தின்றுகொண்டிருக்கும்.

நெடுஞ்சாலையில் நூறில் போகும்போதும் சூடு ஏறுகிறதென்றால் விசிறியைச் சந்தேகப்பட வேண்டாம். அந்த வேகத்தில் காற்று தானாக வருகிறது. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹெட் காஸ்கெட் என்று வேறு பக்கம் தேடுங்கள். ஒரே விதிவிலக்கு நீண்ட ஏற்றம். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் மெனோரா சுரங்கப் பாதைக்கு ஏறும் இடத்தில் முழுச் சுமையோடு நாற்பது, ஐம்பதுக்குத் தணிந்துவிட்டால் அங்கேயும் விசிறிதான் காப்பாற்ற வேண்டும்.

டேஷ்போர்டு முள்ளை முழுக்க நம்பாதீர்கள். பல வண்டிகளில் 75 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கும் மேலே வரை முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். அது நகரும்போது நிலைமை ஏற்கெனவே மோசம். ஓபிடி சொருகி (வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பு) உள்ள வண்டி என்றால், போனோடு இணையும் மலிவான ஸ்கேனர் ஒன்றை வாங்கி உண்மையான கூலண்ட் வெப்பத்தைப் பாருங்கள். 82 முதல் 95 வரை சாதாரணம். 105ஐத் தாண்டினால் ஓரங்கட்டுங்கள்.

3. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்யும் சோதனை

காலையில், இரவெல்லாம் நின்ற வண்டியில் செய்யுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும்.

விசிறியைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். பிசுபிசுப்பான ஒரு தடையோடு சுற்றி, ஒரு சுற்றுக்குள் நிற்க வேண்டும். ஐந்தாறு சுற்று சர்ரென்று ஓடினால் எண்ணெய் போய்விட்டது. அசையவே மறுத்தால் இறுகிவிட்டது.

அடுத்து, எதிரெதிர் இறக்கைகளின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். நுனியில் 6 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேரிங் முடிந்தது. ஆடுவது கிளட்ச்சா அல்லது அதன் பின்னால் இருக்கும் வாட்டர் பம்ப் தண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புல்லியும் சேர்ந்து ஆடினால் பம்ப்.

பின், கிளட்ச் முகத்தில் விரலை ஓட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடு கோடாகக் கறுப்புப் பசை, அதன்மேல் செம்மண் ஒட்டியிருந்தால் அது கசிந்த சிலிக்கோன். லேசான ஈரம் பழைய கிளட்ச்சில் சகஜம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கடைசியாக, எல்லாரும் விலகி நிற்க, எஞ்சினைக் கிளப்பி 2000 ஆர்.பி.எம். வரை மிதியுங்கள். இரவில் எண்ணெய் பள்ளங்களுக்குள் வந்து தங்கியிருக்கும் என்பதால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் நல்ல இரைச்சல் கேட்டு, பிறகு அடங்க வேண்டும். காலை இரைச்சலே இல்லையென்றால் எண்ணெய் இல்லை. அடங்கவே இல்லையென்றால் இறுகியிருக்கிறது.

4. சூடான பிறகு செய்யும் சோதனை

குளிர்ச் சோதனையில் தப்பித்த கிளட்ச் இதில் மாட்டும். சுருள் தூசியில் இறுகிப்போன கேஸ்கள் இப்படித்தான் தெரியவரும்.

கிரில்லுக்கு முன்னால் அட்டை வைத்து ரேடியேட்டரில் முக்கால் பாகத்தை மறையுங்கள். ஏர்கோனைப் போட்டு, 2000 ஆர்.பி.எம்.மில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வெப்ப எண்ணையே பாருங்கள். 95, 100 வாக்கில் விசிறி இரையத் தொடங்க வேண்டும். அட்டையை எடுத்தவுடன் சூடு இறங்கி இரைச்சல் தணிய வேண்டும். 105 வந்தும் சத்தமில்லையென்றால் உடனே அட்டையை எடுத்துவிடுங்கள், விடை கிடைத்துவிட்டது. எஞ்சினை நிறுத்திய கையோடு விசிறியைத் தள்ளிப் பார்த்தால், காலையில் இருந்ததைவிடத் தடை தெளிவாகக் கூடியிருக்க வேண்டும்.

நாளிதழைச் சுருட்டி ஓடும் விசிறியில் நீட்டி நிறுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். எஞ்சின் ஓடும்போது விசிறி நுனி கையை எடுத்துவிடும், அந்தச் சோதனையால் உறுதியாக எதுவும் தெரியவும் போவதில்லை. கைலி கட்டிக்கொண்டோ, தொங்கும் சங்கிலியோடோ ஓடும் எஞ்சின் முன்னால் குனியாதீர்கள்.

5. வாங்குவதற்கு முன் இவற்றைக் கழித்துவிடுங்கள்

ரேடியேட்டருக்கும் ஏர்கோன் கண்டென்சருக்கும் நடுவே டார்ச் அடியுங்கள். தோட்டத்து வண்டியில் அந்த இடுக்கில் லாலான் பஞ்சும் செம்பனைப் பூத்தூளும் மண்ணோடு சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். கார் கழுவும் கடையின் ஹை பிரஷர் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் ஃபின்கள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

ஷ்ரவுட் இருக்கிறதா என்றும் பாருங்கள். விசிறியைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூடு அது. எப்போதோ ரேடியேட்டர் மாற்றும்போது உடைந்து, ‘இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். அது இல்லாமல் விசிறி தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கடைந்துகொண்டிருக்கும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது. புது கிளட்ச் போட்டும் சூடு போகாத வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர், பெல்ட் வழுக்குகிறதா, கூலண்ட் குறைகிறதா ஆகியவற்றையும் ஒரு நோட்டம் விடுங்கள். எஞ்சின் ஓடும்போது தொட்டியில் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெட்.

6. என்ன எடுத்துக்கொண்டு போவது, எவ்வளவு ஆகும்

கடைக்குப் போகும்போது வண்டி கிராண்ட்டின் (பதிவுச் சான்றின்) படம் போனில் இருக்கட்டும். ‘ஹைலக்ஸ், 2010’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரே உடலுக்கு வெவ்வேறு எஞ்சின் இருக்கும், எஞ்சினுக்கு எஞ்சின் கிளட்ச் மாறும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கொடுத்தால்தான் சரியான பார்ட் நம்பர் வரும். பழைய கிளட்ச்சைக் கழற்றி எடுத்துப் போக முடிந்தால் அதைவிட நல்லது. போல்ட் துளைகளின் எண்ணிக்கை, எதிரெதிர் துளைகளின் தூரம், மொத்த உயரம், விசிறி உட்காரும் வட்டம் ஆகிய நான்கையும் கவுண்டரிலேயே ஒப்பிடுங்கள். உயரம் 10 மி.மீ. மாறினாலும் விசிறி ரேடியேட்டரைத் தொடும் அபாயம் உண்டு.

விலை மாடலுக்கு மாடல் மாறும், கணக்குப் போடத் தோராயம் சொல்கிறேன். பிக்கப்புக்குப் பெயர் தெரியாத மாற்றுத் தயாரிப்பு 100 முதல் 250 வெள்ளி (ரிங்கிட்). ஐசின் போன்ற பெயர்பெற்ற தயாரிப்பு 250 முதல் 450 வெள்ளி. கம்பெனிப் பெட்டியில் வருவது அதற்கும் மேலே. டொயோட்டாவுக்கு ஃபேன் கிளட்ச் செய்து கொடுப்பதே ஐசின்தான் என்பதால், டொயோட்டா வண்டிக்கு நடு வழி எடுப்பது என் கருத்தில் சரி. ஆனால் பெயர்பெற்ற பெட்டிகளுக்குப் போலியும் உண்டு. மற்ற கடைகளைவிடப் பாதி விலைக்கு யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள். பட்டறைக் கூலி 50 முதல் 120 வெள்ளி. கூலண்ட் தனி. சேவை வரிக்குப் பதிவான பெரிய சர்வீஸ் சென்டரில் கூலியின்மேல் 8 விழுக்காடு சேரும். 2024 மார்ச்சிலிருந்து இந்த விகிதம்தான்.

பழைய வண்டிகளை வெட்டி உதிரிபாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில் பழையது வாங்கலாமா? விசிறி, ஷ்ரவுட் இரண்டையும் தாராளமாக வாங்குங்கள். கிளட்ச் வேண்டாம். அதன் எண்ணெயும் சீலும் உங்களுடையதைப் போலவே கிழடு.

ரிசிட்டில் பார்ட் நம்பரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள், வாய் வார்த்தை பிறகு உதவாது. பழைய கிளட்ச்சையும் புதுப் பெட்டியையும் ஒரு மாதமாவது தூக்கிப் போடாதீர்கள்.

நேரக் கணக்கு: ஈப்போவில் ஸ்டாக் இருந்தால் அன்றோ மறுநாளோ கைக்கு வரும். இல்லாவிட்டால் கோலாலம்பூரிலிருந்து வர சில நாள். சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கடையும் பட்டறையும் வரிசையாக மூடிக்கிடக்கும் அந்த நாட்களில் பழம் கீழே விழுந்து அழுகிக்கொண்டிருக்கும்.

7. கழற்றுவது

முதல் முறை செய்பவருக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிய கைக்கு ஒரு மணிக்குள் முடியும். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் அடித் திருகைக் கையால் மெதுவாகத் திருப்பி, சுத்தமான பேசினில் இரண்டு லிட்டர் வடியுங்கள். பழைய பிளாஸ்டிக் திருகு இடுக்கியால் பிடித்தால் முறியும். மேல் ஹோஸ் வழியை மறைத்தால் மட்டும் அதைக் கழற்றுங்கள். ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே கெட்டி அட்டை ஒன்றைச் செருகிவிடுங்கள். ஸ்பானர் ஒரு முறை வழுக்கினால் ரேடியேட்டரில் ஓட்டை, அட்டைக்குக் காசில்லை.

இனி கிளட்ச். நான்கு நட்டு வகை என்றால் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே நான்கையும் லூஸ் செய்யுங்கள். பெல்ட்டை முதலில் கழற்றிவிட்டால் புல்லி கூடவே சுற்றும், பிடிக்க வழியிருக்காது. பெரும்பாலும் 12 நம்பர் ஸ்பானர். நட்டு எல்லாம் லூசான பிறகு பெல்ட்டைத் தளர்த்தி, ஷ்ரவுட் போல்ட்டுகளை எடுத்து, விசிறியையும் ஷ்ரவுட்டையும் ஒன்றாகத் தூக்குங்கள். தனித்தனியே வராது. நட்டு போனதும் புல்லியும் கழன்று வரலாம், எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரே பெரிய நட்டு உள்ள வகைக்கு 32 அல்லது 36 மி.மீ. மெலிந்த ஸ்பானர் வேண்டும். திருகும் திசைதான் இங்கே பொறி. ஓடும்போது தானாக இறுகும்படி மரை போட்டிருப்பதால், விசிறி எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதே திசையில் திருப்பினால்தான் கழலும். 300டிடிஐ லேண்ட் ரோவரில் இது இடது மரை, முன்னால் நின்று பார்த்தால் கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். தம் பிடித்து இழுப்பதைவிட, புல்லியை ஒருவர் பிடிக்க, ஸ்பானர் வாலில் சுத்தியலால் ஒரு வெடுக்கென்ற தட்டு போதும்.

8. மாட்டுவது

விசிறியைப் பழைய கிளட்ச்சிலிருந்து பிரித்ததும் இறக்கைகளின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று கழுவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் என்றாலும் அந்த விசிறி வேண்டாம். வாட்டர் பம்ப் தண்டையும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ, அடித் துளையில் கூலண்ட் கறையோ இருந்தால் இன்றே மாற்றுங்கள், பிறகு மாற்றினால் இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டும்.

புது கிளட்ச்சைத் தரையில் மல்லாக்கவோ குப்புறவோ போட்டு வைக்காதீர்கள், வண்டியில் இருப்பதுபோல் நிமிர்த்தியே வையுங்கள். படுத்துக் கிடந்தால் சிலிக்கோன் பேரிங் பக்கம் ஊறிக் கசியும்.

விசிறியில் எது முன்பக்கம் என்று எழுத்து இருக்கும், திருப்பி மாட்டினால் காற்று வராது. எல்லா நட்டையும் முதலில் விரலால் ஓட்டி, பிறகு எதிரெதிராக இறுக்குங்கள். 12 நம்பர் நட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவு போதும், உங்கள் மாடலின் மெனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. பெல்ட் எல்லாப் புல்லியிலும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஷ்ரவுட்டை மாட்டி விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் உரசக்கூடாது, சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

வடித்த கூலண்ட் சுத்தமாக இருந்தால் அதையே ஊற்றலாம். கூடுதலுக்கு அதே வகை ரெடிமிக்ஸ் கூலண்ட். கிணற்றுத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ வேண்டாம். மூடியைத் திறந்தபடி எஞ்சினைக் கிளப்பி, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்திருக்கும்போது மட்டத்தை மறுபடி பாருங்கள்.

புது கிளட்ச் முதல் தடவை சில நிமிடம் பலமாக இரையும். அது கோளாறு அல்ல, எண்ணெய் இடம் தேடுகிறது. அடங்கிய பிறகு சுமையோடு ஒரு ஏற்றம் ஏறி வெப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

9. குறுக்கு வழிகள்

கிளட்ச்சில் துளை போட்டு போல்ட்டால் இறுக்கிவிடுவது, அல்லது வெல்டிங் வைப்பது: சூடு உடனே போய்விடும் என்பதால் இதைச் சொல்லித் தருபவர்கள் உண்டு. ஆனால் விசிறி எப்போதும் முழு வேகத்தில் சுற்றும். நெடுஞ்சாலையில் 3500 ஆர்.பி.எம்.மில் பிளாஸ்டிக் இறக்கை ஒன்று பிய்ந்தால் அது ரேடியேட்டரைக் கிழிக்கும், பானெட்டைத் திறந்து நிற்பவர் மேலும் பாயும். தோட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர மட்டும் பரவாயில்லை.

சிலிக்கோன் எண்ணெய் நிரப்புவது வேறு விஷயம், அதில் அர்த்தமுண்டு. டொயோட்டா 18 மில்லிலிட்டர் டியூப்பாக, 3000, 10000 என்று வெவ்வேறு கெட்டியில் விற்கிறது. பிரிக்கக்கூடிய திருகுள்ள கிளட்ச், பேரிங் ஆடவில்லை, கசிவும் இல்லை என்றால் முயன்று பார்க்கலாம். அளவு மீறினால் விசிறி வழுக்காமல் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஆயிலோ, சிலிக்கோன் ஸ்பிரேயோ அந்த வேலையைச் செய்யாது. கசியும் கிளட்ச்சில் ஊற்றுவது வீண், அதுவும் கசிந்துதான் போகும்.

வடித்த பழைய கூலண்ட்டை லயத்துக் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். இனிப்பாக இருக்கும் என்பதால் நாயும் ஆடும் நக்கும், நக்கினால் சாகும். மூடியுள்ள போத்தலில் அடைத்துப் பட்டறையின் கழிவு டிரம்மில் சேருங்கள்.